அத்தைக்கு ஓர் இடம்

பல ஆண்டுகளுக்கு முன்பு நான் ஒரு சிறுகதை எழுதினேன். ஒரு மகன் தன் வயதான தாயைக் காரில் அழைத்துக்கொண்டு போய் முதியோர் இல்லத்தில் விட்டுவிட்டுத் திரும்புகிறான். எங்கே போகிறோம், எதற்காகப் போகிறோம் என்பதையெல்லாம் முதல் நாள் இரவே அவளிடம் சொல்லியிருக்கிறான். அவளும் சரி என்று தலையை ஆட்டியிருக்கிறாள். வழியில் அவளுக்கு இளநீர் வாங்கிக் கொடுக்கிறான். பாதி குடித்துவிட்டு, மீதியை, “நீ குடிப்பா, வெயில்ல வண்டி ஓட்டுறியே” என்று அவனிடம் நீட்டுகிறாள் தாய். கதை அவ்வளவுதான்.

அது பிரசுரமான வாரத்தில் நிறையக் கடிதங்கள் வந்தன. படித்துவிட்டு அழுததாகப் பலர் எழுதியிருந்தார்கள். எல்லோரும் ஒருமுகமாக அந்த மகனைத் திட்டியிருந்தார்கள். எனக்கு மிகவும் திருப்தியாக இருந்தது. பாவத்தைப் பாவம் என்று பத்துப் பேருக்கு உணர்த்திவிட்டோம் என்ற திருப்தி.

அந்தக் கதையை இன்று எழுதச் சொன்னால் என்னால் எழுத முடியாது. நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, என் அத்தையை ஒரு காரின் பின் ஆசனத்தில் உட்கார வைத்துக்கொண்டு நானும் அப்படி ஒரு இல்லத்துக்குப் போனேன். வழியில் இளநீர்கூட வாங்கிக் கொடுத்தேன்.

அத்தை என் தகப்பனாரின் அக்கா. கல்யாணமான மூன்றாம் வருஷமே கணவரை இழந்து, கும்பகோணத்தில் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டவர். குழந்தை இல்லை. எனக்கு ஆறு வயதாகும்போது என் தாயார் காலமாகிவிட்டதால், என்னைக் குளிப்பாட்டி, சோறூட்டி, கணக்குச் சொல்லிக் கொடுத்து வளர்த்தவர் அவர்தான். எனவே அவரிடம் எனக்குள்ள கடமை என்ன என்பதில் எந்தச் சந்தேகமும் இல்லை. அந்தக் கடமையை எந்த இடத்தில், எவ்வாறு செய்வது என்பதில்தான் சந்தேகம்.

முதலில் அவருடைய எழுத்து சிறுத்தது. மளிகைக்கடைச் சீட்டில் துவரம்பருப்பில் தொடங்கும்போது இருந்த எழுத்து, உப்புக்கு வரும்போது எறும்பு மாதிரி ஆகிவிடும். பிறகு கோலத்தில் புள்ளிகள் தவறின. வலது கையில் ஒரு நடுக்கம். டாக்டர் பார்த்துவிட்டு, பார்க்கின்சன் நோய் என்றார்.

லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-ல் இந்த நோயைப் பற்றி எழுதினார். அவர் விவரித்தது ஆறே ஆறு பேரைத்தான். அவர்களிலும் சிலரைத் தெருவில் நடந்து போகும்போது பார்த்துக் குறித்துக்கொண்டதுதான். நம் நாட்டு வைத்தியத்தில் இத்தகைய நடுக்கத்துக்குக் கம்பவாதம் என்று பெயர். அதற்குப் பூனைக்காலி விதையைக் கொடுத்து வந்தார்கள். 1960-களில் மேல்நாட்டு மருத்துவர்கள் இந்த நோய்க்குப் பயன்படுத்தத் தொடங்கிய லெவோடோபா என்ற மருந்து அந்த விதையிலேயே இருக்கிறது என்பது ஆச்சரியமான விஷயம். ஆனால் விதையானாலும் மாத்திரையானாலும் நோயைத் தணிக்கின்றனவே தவிர, நிறுத்துவதில்லை. இருநூறு ஆண்டுகள் கடந்தும் நிலைமை அதுதான்.

டாக்டர் இன்னொன்றும் சொன்னார். 1967-ல் ஹோன், யார் என்ற இரண்டு மருத்துவர்கள் இந்த நோயை ஐந்து படிகளாகப் பிரித்தார்களாம். முதல் படியில் உடம்பின் ஒரு பக்கம் மட்டும். இரண்டாவதில் இரு பக்கமும். மூன்றாவதில் நிற்கும்போது தள்ளாட்டம். நான்காவதில் எழுந்து நிற்க முடிந்தாலும் பெரும்பாலான காரியங்களுக்குப் பிறர் உதவி. ஐந்தாவதில் சக்கர நாற்காலி அல்லது படுக்கை. ஊருக்குத் திரும்பும்போது அத்தை, “வீட்டுப் படியைத்தான் ஏற முடியல. இந்தப் படியையாவது ஏறிக்கிட்டே இருக்கேனே” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

இப்போது யோசித்துப் பார்த்தால், அந்த ஐந்து படிகளிலேயே என் கேள்விக்கு விடை இருந்தது தெரிகிறது. நோய் ஓரிடத்தில் நிற்பதில்லை என்றால், அதற்கேற்ற வீடு மட்டும் எப்படி ஒன்றாகவே இருக்க முடியும்? ஆனால் அன்று எனக்கு அது உறைக்கவில்லை. ஒரே முடிவில் எல்லாவற்றையும் தீர்த்துவிட வேண்டும் என்று நான் தவித்தேன்.

முதலில் அவர் கும்பகோணத்து வீட்டிலேயே இருந்தார். தெருவிலிருந்து திண்ணைக்கு மூன்று படி. வாசல் நிலையில் ஒன்று. முற்றத்தில் இறங்க ஒன்று. கொல்லைக் கதவில் உயரமாக ஒன்று. அதற்கப்பால் குளியலறையும் கழிப்பறையும். அந்தக் காலத்துக் கொத்தனார் தண்ணீர் உள்ளே வராமலிருக்கக் கட்டியவை அவை. இந்த நோய்க்காரர்களுக்கு ஒரு விசித்திரமான கஷ்டம் உண்டு. நன்றாக நடந்து வருவார்கள்; வாசற்படியருகே வந்ததும் கால் தரையோடு ஒட்டிக்கொண்டுவிடும். எவ்வளவு முயன்றாலும் எடுத்து வைக்க முடியாது. உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்த பெண் அதற்கு ஓர் உபாயம் சொன்னாள். தரையில் குறுக்காகக் கோடு போட்டால், அதைத் தாண்டுகிற நினைப்பில் கால் எழும்பும் என்றாள். வேலைக்கு வரும் அம்மாள் கோலமாவை எடுத்து, கூடத்திலிருந்து கொல்லை வரை அடிக்கொரு கோடு இழுத்தாள். அத்தை ஒவ்வொரு கோடாகத் தாண்டி, குழந்தை பாண்டி விளையாடுவதுபோலப் போனார். “இத்தனை வருஷமா நான் கோலம் போட்டேன். இப்ப கோலம் எனக்கு நடக்கச் சொல்லித் தருது” என்றார்.

அந்த வீட்டைப் போல அவருக்குத் தகுந்த இடம் உலகத்தில் வேறில்லை என்று அன்று நினைத்தேன். எட்டு மாதம் கழித்து ஒரு நாள் முன்னிரவில் கொல்லைப்படியில் விழுந்தார். எழுந்திருக்க முடியவில்லை. அவர் குரலும் அந்த நோயால் தேய்ந்துபோயிருந்ததால், கூப்பிட்டது அடுத்த வீட்டுக்குக் கேட்கவில்லை. விடியற்காலையில் பால்காரர் வந்து பார்க்கும்வரை ஈரத்தரையில் கிடந்திருக்கிறார். இரவு முழுவதும் பால்காரர் சைக்கிள் மணியைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார். பிறந்த வீடு என்ற பாசத்தால் ஒரு மனிதரைத் தரையிலிருந்து தூக்கிவிட முடியாது என்பதை நான் தெரிந்துகொண்டது அன்றுதான்.

சென்னைக்கு அழைத்து வந்தேன். எங்கள் வீடு இரண்டாவது மாடி; லிப்ட் கிடையாது. இரண்டு பேராக நாற்காலியில் வைத்துத் தூக்கி மேலே கொண்டுவந்தோம். அதன் பிறகு ஓராண்டுக் காலத்தில், டாக்டரிடம் போனதைத் தவிர, அத்தை தெருவைப் பார்க்கவில்லை.

அந்த ஓராண்டில் நான் மிகவும் நல்ல பெயர் வாங்கினேன். கூட்டங்களில், கல்யாண வீடுகளில், “அத்தை எங்களோடுதான் இருக்கிறார்” என்பேன். கேட்டவர்கள் நெகிழ்ந்து போவார்கள். “இந்தக் காலத்தில் யார் சார் இப்படிச் செய்கிறார்கள்?” என்பார்கள். நான் அடக்கமாகப் புன்னகை செய்வேன்.

உண்மையில் செய்துகொண்டிருந்தது யார்? இந்த நோயில் படுக்கையில் தாமாகப் புரண்டு படுக்க முடியாது. இரவில் மூன்று தடவை, நான்கு தடவை யாராவது எழுந்து புரட்டிவிட வேண்டும். எழுந்தவள் என் மனைவி. மாத்திரைகளை மணி பார்த்துக் கொடுக்க வேண்டும். கொடுத்தவள் அவள். சக்கர நாற்காலி குளியலறைக் கதவுக்குள் நுழையாது. கதவின் வெளியிலிருந்து இரு கைகளாலும் தாங்கி உள்ளே நடத்திப் போனவளும் அவள்தான். காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போய் நாற்பது பிள்ளைகளுக்குப் பாடமும் நடத்தினாள். நான் அடுத்த அறையில் நாவல் எழுதிக்கொண்டிருந்தேன். அதில் கதாநாயகி மிகவும் பொறுமைசாலி.

ஒரு நாள் இரவு அவள் சொன்னாள்: “நான் ஒண்ணு சொன்னா தப்பா நினைக்க மாட்டீங்களே? அத்தையைக் குளிப்பாட்டும்போது இன்னிக்கு என் கை வழுக்கிடுச்சு. ரெண்டு பேருமே விழப் பார்த்தோம். எனக்குப் பயமா இருக்கு.” அவள் கோபித்துக்கொண்டிருந்தால் நான் பதிலுக்குக் கோபித்துக்கொண்டிருப்பேன். அவள் பயத்தைச் சொன்னதால் எனக்கு வாயடைத்துவிட்டது.

நம்முடைய தர்ம சாஸ்திரமும் நம்முடைய கதைகளும், முதியவர்களை வீட்டில் வைத்துக் காப்பாற்றுவதுதான் சிறப்பு என்று ஓயாமல் சொல்கின்றன. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ‘வீடு’ என்று நாம் சொல்லும்போது அது ஒரு பெண்ணின் இரண்டு கைகள் என்பதை அநேகமாக மறந்துவிடுகிறோம். எனக்கு ஒரு சிநேகிதர் இருக்கிறார். முதியோர் இல்லம் என்ற சொல்லைக் கேட்டாலே காதைப் பொத்திக்கொள்வார். அவருடைய தாயார் பின்கட்டு அறையில் ஆறு ஆண்டுகளாகப் படுக்கையில் இருந்தார். சிநேகிதர் தினமும் காலையில் அந்த அறை வாசலில் நின்று, “அம்மா, எப்படி இருக்கே?” என்று கேட்டுவிட்டு ஆபீசுக்குப் போவார். அந்த ஆறு ஆண்டுகளும் அவர் மனைவி தன் சொந்தத் தங்கையின் கல்யாணத்துக்குக்கூட ஊருக்குப் போகவில்லை. அந்த வீட்டில் தாயைக் காப்பாற்றிய புண்ணியம் யாருக்கு எழுதப்பட்டிருக்கும்? அதற்குக் கேட்காமலே விலை வாங்கப்பட்டவள் யார்? என் வீட்டிலும் கணக்கு வேறாக இல்லை. அதனால்தான் கேட்கிறேன்.

எனவே இல்லம் தேடத் தொடங்கினேன். நகரத்துக்கு வெளியே ஒன்று கிடைத்தது. பெயரைச் சொல்ல விரும்பவில்லை. பெரிய கட்டிடம்; பூந்தோட்டம்; பிரார்த்தனை மண்டபம்; வழுவழுப்பான தரை. பார்த்த உடனே எனக்குப் பிடித்துவிட்டது. எனக்குத்தான் பிடித்தது, அத்தையை நான் அழைத்துக்கொண்டு போய்க் காட்டவில்லை. “வீட்டிலே கொஞ்சம் ரிப்பேர் வேலை இருக்கு அத்தை. பத்து நாள் அங்கே இருங்க. நல்ல காற்று” என்றேன். அத்தை என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். இந்த நோயில் முகத்துத் தசைகள் இறுகிவிடுவதால் மனத்திலுள்ளதை முகத்தில் படிக்க முடியாது. அன்று அது எனக்கு ஒருவகையில் சௌகரியமாக இருந்தது. “உன் இஷ்டம் தம்பி” என்றார்.

அந்த இல்லத்தில் குறை என்னவென்றால், அவர்கள் யாரையும் கொடுமைப்படுத்தவில்லை. ஆனால் மருந்தைச் சாப்பாட்டோடு சேர்த்து மூன்று வேளை கொடுத்தார்கள். அத்தைக்கோ ஐந்து வேளை. மணி தவறக் கூடாது. ஒரு வேளை மாத்திரையின் பலம் மூன்று நான்கு மணி நேரத்தில் வடிந்துவிடும். பருப்பு, பால் போன்றவற்றோடு சேர்த்து விழுங்கினால் மருந்து சரியாக உடம்பில் சேராமலும் போகும். காலை ஒன்பது மணிக்குத் தோட்டத்தில் உலாவிய அத்தை, பதினொரு மணிக்கு மரக்கட்டையாகிவிடுவார். “காலையிலே நல்லாத்தானே நடந்தீங்க? இப்ப ஏன் நடிக்கிறீங்க?” என்று பணிப்பெண் கேட்பாளாம். அவளைக் குறை சொல்வதற்கில்லை. அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பத்து நாள் இருபத்துமூன்று நாளாகியிருந்தது. அன்று அந்த வழுவழுப்பான தரையில் விழுந்து, மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட கையோடு படுத்திருந்தவர், என்னை அருகே வரச் சொன்னார். குரல் கேட்க வேண்டுமானால் வாயருகே காதை வைக்க வேண்டும். வைத்தேன்.

“தம்பி, நீ ஒரு கதை எழுதினியே, இளநீர்க் கதை. அதுல அந்தப் பையன் அம்மாகிட்டப் பொய் சொல்லியா கூட்டிட்டுப் போறான்?”

“இல்லே அத்தை. சொல்லிட்டுத்தான் கூட்டிட்டுப் போறான்.”

“அப்ப அவன் நல்லவன்தான்” என்றார் அத்தை.

எத்தனையோ விமரிசனங்கள் படித்திருக்கிறேன். அதைப் போல ஒன்று எனக்குக் கிடைத்ததில்லை. அந்த மகன் தாயை வேறிடத்தில் விட்டானே தவிர, அவளை ஒரு மனுஷியாக மதித்து நேரில் சொன்னான். நானோ அத்தையை ஒரு மூட்டையைப் போல இடம் மாற்றினேன். வலியெல்லாம் அந்த மாத்திரையாலும் தரையாலும் வந்தது என்று நான் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் முதல் தவறு என்னுடைய ‘பத்து நாள்’தான். அவர் அதை நம்பவே இல்லை என்று பின்னால் தெரிந்தது. நான் சங்கடப்படக் கூடாது என்பதற்காக நம்புவது போல இருந்திருக்கிறார்.

அப்போது நான் 2007-ல் இயற்றப்பட்ட பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தை எடுத்துப் படித்தேன். குழந்தையில்லாத முதியவரின் சொத்து யாருக்குப் போகுமோ, அந்த உறவினர் வசதியுள்ளவரானால் அவரே பராமரிக்கக் கடமைப்பட்டவர் என்கிறது சட்டம். கும்பகோணத்து வீட்டை அத்தை எனக்கென்று எழுதி வைத்திருந்தார். ஆகவே நான்தான் அந்த உறவினர். பராமரிப்பு என்பதற்கு உணவு, உடை, உறைவிடம், மருத்துவம் என்று பொருள் சொல்லியிருக்கிறது. உறைவிடம் உன் வீடாகத்தான் இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. கைவிடுவது குற்றம்; மூன்று மாதம் வரை சிறை, அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் கைவிடுவது என்பது எது? முதியவரை ஏதோ ஓரிடத்தில் விட்டுவிட்டு, முற்றிலும் கைகழுவிவிடும் எண்ணத்தோடு போவது. சட்டம் எழுதியவர்கள் குற்றத்தை இடத்தில் வைக்கவில்லை, எண்ணத்தில் வைத்திருக்கிறார்கள். இது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. சொந்த வீட்டின் பின்கட்டு அறையிலும் ஒருவரைக் கைவிட முடியும். இருபது மைலுக்கு அப்பாலுள்ள இல்லத்திலும் ஒருவரைக் கைவிடாமல் இருக்க முடியும்.

இல்லம் என்பதே மேல்நாட்டுச் சரக்கு என்று சிலர் சொல்வதையும் நான் இப்போது ஒப்புக்கொள்வதில்லை. எங்கள் தஞ்சைச் சீமையில், ஒரத்தநாட்டில், சரபோஜி மன்னர் 1802-ல் முக்தாம்பாள் சத்திரத்தைக் கட்டினார். அவருடைய சத்திரங்களில் வழிப்போக்கருக்குச் சோறு போட்டதோடு, நோயாளிகளுக்கு வைத்தியமும், பிள்ளை பெற வந்தவர்களுக்குப் பராமரிப்பும் கிடைத்தன. அந்நியர் கையால் பெறும் பணிவிடை நமக்குப் புதிதல்ல. சென்னையில் சாவித்திரி வைத்தி அம்மையார் 1978-ல் விச்ராந்தியைத் தொடங்கியபோது, ஆதரவற்ற மூதாட்டிகளுக்கு அது தேவையாகத்தான் இருந்தது. அந்தத் தேவையைப் பற்றிப் பேச மட்டும் நாம் வெட்கப்படுகிறோம்.

இனி, அத்தை சொன்ன ‘உன் இஷ்டம்’ என்பதைப் பற்றி. நம் வீடுகளில் முதியவர்கள் எல்லோரும் இதைச் சொல்வார்கள். “எனக்கு எங்கே இருந்தா என்ன?” “உங்களுக்கு எது சௌகரியமோ அப்படிச் செய்யுங்க.” நாமும் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு காரியத்தைப் பார்க்கிறோம். அது சம்மதமல்ல. பாரமாக இருக்கிறோம் என்று உணர்ந்தவரின் மரியாதை அது. விருந்துக்குப் போன இடத்தில் இன்னும் கொஞ்சம் சாதம் வேண்டுமா என்று கேட்டால், பசியிருந்தாலும் போதும் என்று சொல்வோமே, அந்த மாதிரி. தம்முடைய சொந்த வாழ்க்கையிலேயே விருந்தாளியாகிவிட்டவர்கள் அவர்கள்.

அப்படியானால் உண்மையான விருப்பத்தை எப்படித் தெரிந்துகொள்வது? ‘எங்கே இருக்க விரும்புகிறீர்கள்?’ என்று பொதுவாகக் கேட்டால் பதில் வராது. சின்னச் சின்னதாகக் கேட்க வேண்டும் என்று நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். தனி அறை வேண்டுமா, கூட யாராவது படுத்திருக்க வேண்டுமா? குளிக்கும்போது ஆண் உதவியாளர் வந்தால் ஒத்துக்கொள்வீர்களா? வெங்காயம் போட்ட குழம்பு இல்லாவிட்டால் பரவாயில்லையா? எது இல்லாவிட்டால் உங்களுக்குப் பொறுக்காது? இப்படிக் கேட்டபோது அத்தைக்கு அபிப்பிராயங்கள் மளமளவென்று வந்தன. இத்தனை அபிப்பிராயங்களோடு ஒரு மனுஷி நம் வீட்டில் ஓராண்டு இருந்திருக்கிறாரே என்று எனக்கு வியப்பாக இருந்தது. தனி அறை வேண்டாம். பக்கத்தில் யாராவது பேசிக்கொண்டிருக்க வேண்டும். தோட்டத்தைப் பற்றிக் கவலையில்லை. தெரு தெரிய வேண்டும். ஆள் நடமாட்டம் பார்க்க வேண்டும். பூந்தோட்டத்தைப் பார்த்து மயங்கிப் போனேனே நான், அதைப் பற்றி அவருக்கு ஒரு பொருட்டுமில்லை.

இந்தத் தடவை அவரையும் அழைத்துக்கொண்டுதான் தேடினோம். முன்பு நர்சாக வேலை பார்த்த ஓர் அம்மாள் தம் வீட்டின் கீழ்த்தளத்தில் எட்டுப் பேரை வைத்துக் கவனித்துக்கொள்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனோம். பழைய வீடு, சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது. ஆனால் அந்த அம்மாள் கேட்ட முதல் கேள்வி, “மாத்திரை எத்தனை மணிக்கு எத்தனை மணிக்கு?” என்பது. இரண்டாவது கேள்வியை அவர் என்னிடம் கேட்கவில்லை. அத்தையிடம் கேட்டார்: “ராத்திரி எந்தப் பக்கமா படுத்தா தூக்கம் வரும்மா?” குளியலறைக் கதவு அகலமாக இருந்தது, சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருந்தது, தரை சொரசொரப்பாக இருந்தது. இரவில் விழித்திருக்க ஒரு பெண் இருந்தாள். இடம் தேடுகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: கட்டிடத்தைப் பிறகு பாருங்கள். மருந்து வேளை, குளியலறைக் கதவு, இரவில் விழித்திருப்பவர் யார் என்ற மூன்றையும் முதலில் பாருங்கள். உள்ளே இருப்பவர்கள் என்ன கேள்வி கேட்கிறார்கள், யாரிடம் கேட்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள்.

மூன்று நாள் இருந்து பார்த்துவிட்டு அத்தை தம் நிபந்தனைகளைச் சொன்னார். கும்பகோணத்து வீட்டை வாடகைக்கு விட வேண்டும்; அந்தப் பணம் இங்கே கட்டணத்துக்குப் போக வேண்டும்; மீதியை நான் போடலாம். ஞாயிற்றுக்கிழமை வர முடியாவிட்டால் சனிக்கிழமையே சொல்லிவிட வேண்டும். காத்திருக்க வைக்கக் கூடாது. கடைசியாக, “புத்தி தெளிவா இருக்கிற வரைக்கும் என்னைக் கேட்காம எதுவும் செய்யாதே. புத்தி போயிடுச்சுன்னா உன் பெண்டாட்டி சொல்றபடி செய். உன்னை நம்பறதுக்கில்லே” என்றார். என் மனைவி சிரித்துவிட்டாள். பிறகு அழுதாள்.

வாசகர்களில் சிலர் இந்த இடத்தில் ஒரு கேள்வி கேட்கலாம். ‘இதெல்லாம் பணமிருப்பவர்கள் பேச்சு அல்லவா? வாடகைக்கு விட வீடில்லாதவர்கள் என்ன செய்வார்கள்?’ நியாயமான கேள்வி. நான் முன்னே சொன்ன சட்டம், கொடுக்கச் சொல்லும் பராமரிப்புத் தொகைக்கு மாதம் பத்தாயிரம் ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தது. அத்தை இருக்கும் இடத்தின் கட்டணம் அதைவிட அதிகம். வறிய முதியோருக்காக மாவட்டத்துக்கு ஓர் இல்லமாவது, குறைந்தது நூற்றைம்பது பேருக்கு, அரசுகள் படிப்படியாக அமைக்கலாம் என்றும் அதே சட்டம் சொல்கிறது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்த நாட்டில் அறுபது வயது கடந்தவர்கள் பத்துக் கோடிக்கு மேல். மாவட்டத்துக்கு நூற்றைம்பது கட்டில் எந்த மூலைக்கு? ஒற்றை அறையில் குடியிருக்கும் குடும்பத்துக்கு, ‘எந்த இடம் தகுந்தது’ என்று யோசிக்கவே இடமில்லை. இதற்கு என்னிடம் பதிலில்லை. ஆனால் முதியோருக்கு வெளியிடம் தேடுவதே இழிவு என்று வசதியுள்ளவர்கள் நாம் பேசிக்கொண்டிருக்கும்வரை, வசதியில்லாதவர்களுக்கு நல்ல இடங்கள் வேண்டுமென்று கேட்க யாரும் துணிய மாட்டார்கள் என்பது மட்டும் எனக்குத் தெரிகிறது.

இன்னொரு கேள்வியை நானே என்னைக் கேட்டுக்கொள்கிறேன். இவ்வளவு நியாயமும் நான் நிம்மதியாகத் தூங்குவதற்காகக் கட்டிக்கொண்டதுதானோ? இருக்கலாம். ஞாயிறு மாலை அத்தையிடம் விடைபெற்றுக்கொண்டு வெளியே வரும்போது, ஒவ்வொரு முறையும் மனசு கனக்கிறது. ஆறு வயதுப் பையனை யாரிடமும் ஒப்படைக்காமல் தாமே வளர்த்தவரை நான் பிறரிடம் ஒப்படைத்திருக்கிறேன். இதற்குச் சமாதானம் கிடையாது. முன்பெல்லாம் அந்தக் கனம் போய்விட வேண்டும் என்று நினைப்பேன். இப்போது அப்படி நினைப்பதில்லை. அது இருப்பதால்தான் அடுத்த ஞாயிறும் போகிறேன் என்று தோன்றுகிறது.

சென்ற மாதம் டாக்டர், நான்காவது படியின் முடிவுக்கு வந்துவிட்டார் என்றார். சோறு விழுங்கச் சிரமப்படுகிறார். இன்னும் சில மாதங்களில் தம்மால் சமாளிக்க முடியாமல் போகலாம் என்று அந்த அம்மாளும் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். எப்போதும் நர்சும் டாக்டரும் உள்ள இடமாக இனிமேல் தேட வேண்டும். முன்பானால் இதை அத்தையிடம் மறைத்திருப்பேன். ஞாயிற்றுக்கிழமை போய், அவர் கட்டிலருகே ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன்.

வெகுநேரம் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு காய்கறி வண்டி போயிற்று. பிறகு உதடு அசைந்தது. குனிந்து காதை வைத்தேன்.

“அங்கேயும் ஜன்னல் தெருப் பக்கமா இருக்கணும். எழுதிக்கோ.”

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து எழுதிக்கொண்டேன்.